பதினொரு தோளுக்கு ஒரு தோட்டா

இலுப்பைக்கோம்பைக்காரர்களை முட்டாள்கள் என்று என் வாயால் நான் சொல்ல மாட்டேன். என் சின்ன அக்காவை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறோம். அவள் காதுக்குப் போனால் பொங்கலுக்குப் பலகாரம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பெயர் வைப்பது உங்கள் பாடு.

மணியக்காரர்கள் ஊர்களைக் கட்டி மேய்த்த காலம் அது. மலையடிவாரத்தில் நாற்பது வீடு, நாற்பது வீட்டுக்கும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்ட காடு. அந்த வருஷம் மலையிலிருந்து ஒரு காட்டுப்பன்றி இறங்கியது. ஒரே பன்றிதான். ஆனால் முறை தவறாத பன்றி. ஒரு காட்டை முழுசாகத் தோண்டித் தின்று முடிக்காமல் அடுத்த காட்டில் கால் வைக்காது. ஆடி மாதம் முடிவதற்குள் முப்பத்தொன்பது காடு காலி. மிச்சம் நின்றது செங்கோடன் காடு ஒன்றுதான்.

செங்கோடனுக்கு முப்பத்தெட்டு வயது. ஐந்து இடத்தில் பெண் பார்த்து ஐந்தும் தட்டிப்போயிருந்தது. ஆறாவது, கருங்கல்மேட்டுச் சோலையப்பன் மகள் பாப்பாயி. சந்தையில் ஒரு தரம் அவனுடைய தலைப்பாகையைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். அன்றிலிருந்து அவன் அந்தத் தலைப்பாகையைக் குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை. அவள் மேல் அவனுக்கு உயிர். சோலையப்பன் சொன்னது ஒரே வார்த்தை: "ஆவணி மொதப் புதன்கெழமை விடியக்காலையில வந்து காட்டைப் பாப்பேன். கெழங்கு நின்னா பொண்ணு. பன்னி தோண்டியிருந்தா வந்த வழியே போயிருவேன்."

புதன்கிழமைக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. செங்கோடன் சாப்பாட்டை விட்டுவிட்டான். அவனுடைய அக்கா அத்தாயி, தம்பி சாப்பிடாத சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு மணியக்காரர் வீட்டு வாசலில் போய் அழுதாள்.

மணியக்காரர் நல்லணன் இரக்கமுள்ள மனுஷர். காபித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய ரைபிள் ஒன்று, சர்க்கார் அனுமதிச் சீட்டோடு அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. அதில் போடத் தோட்டா மட்டும் இல்லை. சனிக்கிழமை அவரோடு சேர்த்து ஐந்து பேர் டவுனுக்குப் புறப்பட்டார்கள். அதில் முக்கியமானவர் கொமரப்பன். ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். அவர் யோசிக்கும்போது பக்கத்தில் யாரும் இரும மாட்டார்கள்.

துப்பாக்கிக் கடை இஸ்மத்துல்லா பாய் ரைபிளை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் மூன்று பெட்டிகளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"மூணும் இந்தத் துப்பாக்கிக்குச் சேரும். இது லேசு. இது நடுத்தரம். இது பெரிய மிருகத்துக்கு. உங்களுக்கு எது?"

"பெருசே குடுத்துருங்க பாய். பன்னி யான மாதிரி இருக்குதுங்க" என்றார் மணியக்காரர்.

பாய் சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. இங்க பாருங்க மணியக்காரரே. குண்டு முன்னால போறப்ப துப்பாக்கி பின்னால ஒரு இடி இடிக்கும். பெரிய தோட்டான்னா பெரிய இடி. ஒரு தடவ இடி வாங்கினவன் அடுத்த தடவ சுடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்குவான். குறி போயிரும். அதனால பன்னியப் பாத்துத் தோட்டா வாங்காதீங்க. தோளைப் பாத்து வாங்குங்க."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தோட்டா வாங்காமல் ஊருக்குத் திரும்பினார்கள், தோள்களை எல்லாம் பார்ப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். மணியக்காரர் ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்கச் சொன்னாரே தவிர, எவ்வளவு நேரம் என்று பாய் சொல்லவில்லை. ஆகையால் ஒரு தோளுக்குக் கால்நாழிகை வீதம் பார்த்தார். வெயில் ஏறியது. பார்க்கப்பட்ட தோள்கள் எல்லாம் கறுத்துப்போனதால் பார்க்கப்படாத தோளோடு ஒப்பிட முடியாமல் மறுநாளும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் சப்பரம் தூக்குகிறவர்களிடம் வந்து நின்றார்கள். இலுப்பைக்கோம்பை அம்மன் சப்பரம் தேக்குமரம். வருஷா வருஷம் நோம்பிக்கு அதைத் தூக்குகிறவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டு பேர் தூக்க வேண்டியது. பன்னிரண்டாவது இடத்தில் அம்மனே தோள் கொடுப்பதாக ஐதீகம். அந்தப் பதினொரு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு இருந்தது.

"இதுதான் தோளு" என்றார் மணியக்காரர். "இதுல எந்தத் தோளு?"

கொமரப்பன் கண்ணை மூடினார். எல்லாரும் இருமலை அடக்கிக்கொண்டார்கள்.

"சப்பரம் எத்தன மணங்கு?"

"இருவத்திரெண்டு."

"ஒருத்தன் தூக்குனா?"

"செத்துப்போவான்."

"பதினொரு பேரு தூக்குனா?"

"ஆளுக்கு ரெண்டு மணங்கு. கொழந்தைகூடத் தூக்கும்."

"அப்ப இடியும் அப்படித்தான்" என்றார் கொமரப்பன். "முன்னால ஒருத்தன் துப்பாக்கியத் தோள்ல வெக்கட்டும். அவன் முதுகுல அடுத்தவன் தோளக் குடுக்கட்டும். அவன் முதுகுல அடுத்தவன். பதினொரு பேரும் வரிசையா நின்னா இடி பதினொண்ணாப் பிரிஞ்சு போயிரும். பெரிய தோட்டாவே வாங்கலாம். யான இடிச்சாலும் ஆளுக்குப் பூன இடிச்ச மாதிரிதான்."

ஊரே அசந்துபோனது. செங்கோடன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் அவன் ஒரு வாய்ச் சோறு தின்றான்.

தோட்டா வாங்கச் செவ்வாய்க்கிழமை புறப்பட்டார்கள். சந்தைமேட்டில் ஒரு வீட்டுப்பன்றி சாக்கடையில் படுத்திருந்தது. "பன்னியப் பாத்துத் தோட்டா வாங்கக் கூடாது" என்று பாய் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் அல்லவா? பேசாமல் திரும்பிவிட்டார்கள். புதன்கிழமையும் அதே பன்றி, வியாழக்கிழமை அதனுடைய பிள்ளைகள். இப்படியே நாள் ஓடியது. செங்கோடன் மறுபடி சாப்பாட்டை விட்டுவிட்டான். கடைசியில் அடுத்த திங்கட்கிழமை, ஐந்து பேரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் அரைஞாணை ஒருவர் பிடித்துக்கொண்டு டவுனுக்குள் நுழைந்தார்கள்.

முதலில் நுழைந்தது முடிதிருத்தும் கடை. கொமரப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, "தோளைப் பாத்து, எது சரியோ அதைப் பண்ணுங்க" என்றார். தோளில் புரண்டுகொண்டிருந்த அவருடைய குடுமி அத்தோடு போயிற்று. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தபிறகும் அவர் கோபப்படவில்லை. இடி வாங்கும் இடத்தில் முடி இருந்தால் சிக்கும், பாய்தான் முன்யோசனையாக ஆள் வைத்திருக்கிறார் என்று மற்றவர்களுக்கு விளக்கினார்.

பாய் கடையில் பெரிய பெட்டியைக் கேட்டார்கள்.

"இது ஒருத்தருக்குத் தாங்காது" என்றார் பாய்.

"ஒருத்தரில்லீங்க. பதினொரு பேருங்க."

பதினொரு பேரும் மாற்றி மாற்றிச் சுடுவார்கள் போலிருக்கிறது என்று பாய் நினைத்துக்கொண்டார். நல்ல மனுஷர். காசை வாங்கிக்கொண்டு சும்மா அனுப்ப மனசு வரவில்லை.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. விசைய வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. மெதுவா அழுத்திக்கிட்டே இருக்கணும். எப்ப வெடிக்கும்னு சுடறவனுக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒடம்பு கூசும், குறி தப்பும். இதுதான் வேட்டைக்காரன் ரகசியம்."

திரும்பும் வழியெல்லாம் அவர்கள் இதைப் பற்றித்தான் பேசினார்கள். முன்னால் நின்று துப்பாக்கி பிடிக்க, சப்பரம் தூக்குகிறவர்களில் காளியண்ணன் என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. எப்போது வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியக்கூடாது என்றால் விசையை அவன் இழுக்கக்கூடாது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"விசையில கயித்தக் கட்டி அத்தாயி இழுக்கட்டும்" என்றார் மணியக்காரர், ஊருக்கு வந்து சேர்ந்ததும்.

"நான் இழுக்கறப்ப எனக்குத் தெரிஞ்சுபோயிருமேங்க" என்றாள் அத்தாயி.

"ஒனக்குத் தெரிஞ்சா என்ன? சுடறவனுக்குத்தான் தெரியக்கூடாது."

"இழுக்கறவதானுங்களே சுடறவ?"

இது பெரிய கேள்வி. பிடிக்கிறவன் சுடுகிறவனா, இழுக்கிறவள் சுடுகிறவளா என்று செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்வரை பேசினார்கள். யார் இழுத்தாலும் இழுத்தவருக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் இழுக்காவிட்டால் வெடிக்க மாட்டேன் என்கிறது. செங்கோடன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"விடிஞ்சா மாமனாரு வந்துருவாருங்க. எதையாவது பண்ணுங்க" என்று கெஞ்சினான்.

அத்தாயி வீட்டு வெள்ளாடு அந்தப் பக்கமாகப் போனது. கொமரப்பன் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு எதாவது தெரியுமா?"

"ஒண்ணுந் தெரியாதுங்க" என்றாள் அத்தாயி.

"தெரிஞ்சாலும்?"

"யாருகிட்டயும் சொல்லாதுங்க."

"முடிஞ்சுது போ" என்றார் கொமரப்பன்.

புதன்கிழமை கிழக்கு வெளுத்தபோது செங்கோடன் காட்டின் வரப்பில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. முன்னால் காளியண்ணன், தோளில் துப்பாக்கி. அவன் முதுகில் தோள் கொடுத்து அடுத்தவன், அவனுக்குப் பின் அடுத்தவன். பதினொன்றாவதாக, எல்லாருக்கும் கடைசியில், செங்கோடன். அவனும் சப்பரம் தூக்குகிறவன்தான். ஆனாலும் மாப்பிள்ளைக்கு அடிகிடி பட்டுவிடக்கூடாது என்று இடியிலிருந்து தூரமான இடத்தை மணியக்காரர் அவனுக்குக் கொடுத்திருந்தார். துப்பாக்கி விசையிலிருந்து ஒரு கயிறு பின்னால் வந்து வெள்ளாட்டின் கழுத்தில் முடிந்தது. ஆட்டுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு கட்டு அகத்திக்கீரையைப் போட்டுவிட்டு அத்தாயி திரும்பி நின்றுகொண்டாள், தனக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று.

கொமரப்பனுக்கு வேறு வேலை. காளியண்ணனுக்கு நினைப்பு வராதபடி பேச்சுக் கொடுப்பது.

"ஏன் காளியண்ணா, உங்க மாமியாளுக்குப் பல்லுவலின்னாங்களே?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க" என்று காளியண்ணன் ஆரம்பித்தான்.

ஓடைப் பக்கம் புதர் அசைந்தது. பன்றி வந்தது. வந்து, முதல் செடியை முகர்ந்து பார்த்தது.

துப்பாக்கி வேறு திசையில் இருந்தது. பதினொரு ஆள் நீள வரிசையைத் திருப்புவது லேசான காரியமா? ஆனால் சப்பரத்தைத் தெருமுனையில் திருப்பிப் பழகியவர்களுக்கு அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மணியக்காரர் கையைத் தூக்கினார். மூன்று அடி முன்னால், இரண்டு அடி பின்னால். ஒரு தேங்காய் உடைத்தார்கள். மறுபடி மூன்று முன்னால், இரண்டு பின்னால். பாதி திரும்பியதும் பழக்கத்தில் மணியக்காரர், "தோள் மாத்து!" என்று குரல் கொடுத்துவிட்டார். பதினொரு பேரும் இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறினார்கள். துப்பாக்கியும் மாறியது. ஆடும் சலித்துப்போய், கயிறு இறுகாமல் அவர்களோடு நடந்தது.

இத்தனையும் முறைப்படி முடிந்து துப்பாக்கி ஓடையைப் பார்த்து நின்றபோது பன்றி ஓடையில் இல்லை. தேங்காய் உடைத்த இடத்தில் கிடந்த சில்லுகளைத் தேடிக்கொண்டு வரிசையைச் சுற்றி வந்து, செங்கோடனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"பல்லுல புழுவுன்னு வைத்தியர் சொல்றாருங்க" என்றான் காளியண்ணன். "ஆனா எங்க மாமியா ஒத்துக்க மாட்டேங்குது. தலைமுறை தலைமுறையா எங்க குடும்பத்துல யாருக்கும் புழு..."

ஆடு அகத்திக்கீரைக்கு எட்டியது.

அந்தச் சத்தம் கருங்கல்மேடு வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். குண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. அதை யாரும் தேடவும் இல்லை. காளியண்ணன் லேசாக அசைந்தான், அவ்வளவுதான். இரண்டாவது ஆள் அதுவும் இல்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று பத்தாவது ஆள் வரை எல்லாரும் கல்தூண் மாதிரி நின்றார்கள். இடி பதினொன்றாகப் பிரியவில்லை. ஒவ்வொரு தோளும் தனக்கு வந்ததை மரியாதையாக அடுத்த தோளுக்குக் கொடுத்துவிட்டது. செங்கோடனுக்குப் பின்னால் தோள் இல்லை.

அவன் தலைப்பாகையோடு எட்டு முழம் பின்னால் பறந்துபோய்ப் பன்றியின் மேல் விழுந்தான்.

பன்றி தன் ஆயுசில் எத்தனையோ பார்த்திருக்கும். கல்லெறி, ஈட்டி, நாய். ஆனால் காடு காக்கிற சம்சாரி தானே வானத்திலிருந்து முதுகுப்பக்கமாக வந்து விழுந்ததில்லை. ஒரு வீறிடல், அவ்வளவுதான். ஓடையைத் தாண்டி, மலையைத் தாண்டி, அடுத்த தாலுகாவுக்கே போய்விட்டது. அதற்கப்புறம் அது இலுப்பைக்கோம்பைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"எப்பங்க சுடப் போறோம்?" என்று காளியண்ணன் கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. கருங்கல்மேட்டுச் சோலையப்பன் வரப்பு முனையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். செங்கோடன் எழுந்திருக்கப் பயந்துகொண்டு விழுந்த இடத்திலேயே கும்பிட்டான்.

சோலையப்பன் காட்டுக்குள் இறங்கினார். ஒவ்வொரு சாலாக நடந்து பார்த்தார். ஒரு செடி சாயவில்லை. திரும்பிவந்து செங்கோடனைக் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"அஞ்சு ஊரு மாப்பிள்ளைகளப் பாத்துட்டேன்" என்றார். "எல்லாரும் பன்னியக் கண்டா ஓடறவனுக. பன்னி மேல போயி விழுந்து காட்டைக் காப்பாத்துன ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன். எம் பொண்ணு ஒனக்குத்தான் மாப்பிள்ள."

அத்தாயி அங்கேயே ஓவென்று அழுதாள். செங்கோடன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. வயிறு பசித்தது என்பது மட்டும் தெரிந்தது. ஆட்டிடம் மிச்சமிருந்த அகத்திக்கீரையைப் பார்த்தான்.

வெற்றிலை பாக்கு மாற்றும்போது சோலையப்பன் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரே ஒரு கொற. எம் பொண்ணு இதைப் பாக்காமப் போயிருச்சு. நான் போயிச் சொன்னா நம்பாது. அதனால கலியாணத்தன்னைக்கு மாப்பிள்ள எங்கூருக்கு வண்டியில வரவேண்டாம். இதே மாதிரிப் பறந்து வந்து பந்தல்ல எறங்கட்டும்."

கருங்கல்மேடும் அதே ஓடைத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்தான். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஐந்து பேரும் பாய் கடைக்கு வந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வரவில்லை. இது பன்றி சம்பந்தமில்லாத வியாபாரம் அல்லவா? பாய் எழுந்து நின்று வரவேற்றார்.

"என்ன மணியக்காரரே, பன்னி விழுந்துச்சா?"

"பன்னி விழல பாய். பன்னி மேல விழுந்துட்டோம். உங்க தோட்டா தங்கமான தோட்டா. முன்னால போறதுதான் எதுக்குன்னு வெளங்கல. பின்னால வர்றது அத்தனையும் பிரயோசனம்."

கொமரப்பன் முன்னால் வந்து மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். "கருங்கல்மேடு ஏழு மைலுங்க. போன தோட்டா எட்டு மொழந்தான் தள்ளுச்சு. ஏழு மைலு தள்ளற மாதிரி இடியுள்ளதா ஒண்ணு பாத்து எடுங்க. முன்னால குண்டு இல்லாட்டியும் பரவால்ல."

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். ஐந்து பேரும் அப்படியே நின்றிருந்தார்கள்.

சரக்கு இருப்பு இல்லை போலிருக்கிறது, பாவம், சொல்லக் கூச்சப்படுகிறார் என்று மணியக்காரருக்குத் தோன்றியது. "அவசரமில்லீங்க பாய்" என்றார் ஆறுதலாக. "கலியாணம் தை மாசந்தான். மெட்ராஸுக்கு எழுதிப் போட்டே வரவழைங்க."

வாசல்வரை போனவர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்படியே திரும்பி வர்றதுக்கும் ஒண்ணு சேத்து எழுதிருங்க. அதுல ரெண்டு பேரு வருவாங்க. புதுப்பொண்ணு, மொத மொதல்ல வருது. அதனால இடி கொஞ்சம் லேசா இருக்கட்டும்."